பிலடெல்பியாவில் மருத்துவம் படிக்கப் பிள்ளையை விடலாமா?

யாழ்ப்பாணத்து இணுவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். அவருடைய அண்ணாவின் மகள் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவள். இரண்டு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று வட பிலடெல்பியாவில் உள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தின் கல்லூரி. மற்றது அதே மாநிலத்தின் உட்பகுதியில், சுற்றிவர வயலும் காடுமாக இருக்கும் ஒரு சிறு பட்டணத்தில். பிள்ளைக்கு முதலாவதில்தான் விருப்பம். தகப்பன் துப்பாக்கிச் சூட்டுச் செய்திகளைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறார். இங்கே இணுவிலில் இருக்கும் அப்பம்மா போனைப் பிடித்துக்கொண்டு, "அங்க மட்டும் விடாதே" என்று அழுகிறா. "நீங்கள் இங்கே போர்க்காலத்தில் மருத்துவம் படித்தவர், பிறகு அமெரிக்காவிலும் வேலை செய்தவர். உள்ளதைச் சொல்லுங்கள், விடலாமா?" என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு உண்மையிலேயே அங்கே படிக்க விருப்பம் என்றால் விடுங்கள். ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அவள் எங்கே தங்கி, எந்த நேரத்தில், எந்த வழியால் மருத்துவமனை வாட்டுக்குப் போய் வருவாள் என்பது ஒன்று. அந்தச் சுற்றாடலில் வாழும் சனங்களை அவள் யாராகப் பார்க்கிறாள் என்பது மற்றது. முதலாவதைக் குடும்பமாக விசாரித்து அறியலாம். இரண்டாவதை அவளிடம்தான் கேட்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வீட்டு மேல்மாடியில் இரண்டு அறைகளை மருத்துவ பீட மாணவிகளுக்குக் கொடுத்து வருகிறோம். சில வருடங்களுக்கு முன் குருநாகலில் இருந்து ஒரு தகப்பன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பத்திரிகைகளில் கிழமைக்கு ஒரு வாள்வெட்டுச் செய்தி வந்த காலம் அது. கொக்குவில், மானிப்பாய், சுன்னாகம், ஆவா குழு என்ற வாள்வெட்டுக் கும்பல் என்று திரும்பத் திரும்பக் கேட்டு, அந்த மனிதருக்கு யாழ்ப்பாணம் என்றாலே வாளோடு மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள்தான். அறையை அவர் பார்த்தது ஐந்து நிமிடம். பிறகு கேற்றடியில் போய் நின்றுகொண்டார். பின்னேரம் ஆறு மணியிலிருந்து எட்டரை மட்டும் ஒழுங்கையைப் பார்த்தார். ரியூசன் முடிந்து சைக்கிளில் போகும் பெட்டைகள், கோயிலால் வரும் அம்மாமார், பாண்காரன். எந்தத் தெருவிளக்கு எரியவில்லை என்று எண்ணி வைத்திருந்தார். ஆடியபாதம் வீதியால் மகளோடு பீடம் வரை நடந்து போய் வந்தார். மறுநாள் விடிய, பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியை பஸ்ஸில் ஒரு தரம், ஓட்டோவில் ஒரு தரம் போய்ப் பார்த்தார். கடைசியில் என் மனைவியிடம், பாதி தமிழிலும் பாதி கைச்சாடையிலும், மகள் இரவில் பிந்தினால் யாரைத் தட்டி எழுப்பலாம் என்று கேட்டார். அதன் பிறகுதான் முற்பணம் தந்தார். அந்தப் பிள்ளை படித்து முடித்து இப்போது டொக்டராக இருக்கிறாள். சித்திரைக்கு அவர்கள் வீட்டிலிருந்து எங்களுக்குப் பலகாரம் வரும்.

உங்கள் அண்ணா செய்ய வேண்டியதும் இதுதான். இணுவிலில் இருக்கும் உங்களுக்கு அந்த வாள்வெட்டுச் செய்திகளும் தெரியும், இணுவிலும் தெரியும். செய்தி பொய்யில்லை. ஆனால் யாருக்கும் யாருக்கும் பகை, எந்தச் சந்தியில், எத்தனை மணிக்கு என்பது உங்களுக்கு ஓரளவு பிடிபட்டிருந்தது. அதனால்தான் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்காமல் சந்தைக்கும் போய் வந்தீர்கள். வட பிலடெல்பியாவில் பிள்ளை வளர்க்கும் ஒரு தாய்க்கும் இதே அறிவு இருக்கிறது. உங்கள் அண்ணாவிடம் செய்தி மட்டும்தான் இருக்கிறது.

அண்ணா சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. பிலடெல்பியாவில் 2021 இல் 562 பேர் கொலையானார்கள். அந்த நகரத்தின் வரலாற்றிலேயே அதுதான் மிகக் கூடிய எண்ணிக்கை. அதன் பிறகு குறைந்துகொண்டு வந்து 2024 இல் 269 ஆனது. பாதிக்கும் கீழே. அப்படியிருந்தும், ஒரு நகரத்துக்கு 269 கொலை என்பது சின்ன எண் இல்லை. ஆனால் இந்த எண்ணை அப்படியே எடுத்து உங்கள் மருமகளின் தலையில் வைக்க முடியாது. குற்றம் ஒரு நகரம் முழுவதும் மழை மாதிரி ஒரே அளவாகப் பெய்வதில்லை. டேவிட் வைஸ்பேர்ட் என்ற ஆய்வாளர் பல நகரங்களை வீதித் துண்டு வீதித் துண்டாகப் பார்த்தார். ஏறத்தாழ 5 சதவீத வீதித் துண்டுகளில்தான் நகரத்தின் பாதிக் குற்றங்கள் நடக்கின்றன. ஆட்களை எடுத்தால் இன்னும் ஒடுக்கம். சிக்காகோவில் அன்ட்ரூ பப்பகிறிஸ்ரோஸ் என்ற சமூகவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2015 இல் வெளியிட்ட ஆய்வில், சுடப்பட்டு உயிர் தப்பியவர்களில் 70 சதவீதமானோர், நகரத்து மக்களில் 6 சதவீதத்துக்கும் குறைவானவர்களைக் கொண்ட ஒரு தொடர்பு வலைக்குள் இருந்தார்கள். சேர்ந்து கைதானவர்கள், அவர்களோடு சேர்ந்து திரிந்தவர்கள் என்று பின்னிய வலை அது. அந்த வலைக்குள் பிறந்துவிட்ட பதினேழு வயதுப் பையனுக்கு அந்தத் தெரு மிகவும் ஆபத்தானது. அதே தெருவால் புத்தகப் பையோடு காலையில் போகிற மருத்துவ மாணவியின் ஆபத்து வேறு விதமானது, அளவிலும் மிகச் சிறியது.

அப்படியென்றால் மாணவர்களுக்கு என்னதான் நடக்கிறது? நான் கண்டதைச் சொல்கிறேன். போனைப் பறித்துக்கொண்டு ஓடுவது. கார்க் கண்ணாடியை உடைத்து உள்ளே கிடந்த பையை எடுப்பது. வாசலில் வைத்த பார்சல் காணாமற் போவது. பெண் பிள்ளைகளுக்குத் தெருவில் கேட்கக் கூடாத வார்த்தைகள். எப்போதாவது, கத்தியையோ துவக்கையோ காட்டிப் பணம் கேட்பது. அது நடந்தால் கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும், ஒரு சொல் எதிர்த்துப் பேசக் கூடாது. என் காரின் கண்ணாடி இரண்டு தரம் உடைபட்டது. இரண்டாம் தரம் உள்ளே இருந்தது ஒரு பழைய ஸ்வெற்றரும் பாதி குடித்த தண்ணீர்ப் போத்தலும் மட்டும். கண்ணாடி போட்ட செலவு அந்த மாத வாடகையில் கால்வாசி. அதன்பின் காருக்குள் ஒரு கடதாசித் துண்டைக்கூட விட்டுவைத்ததில்லை.

அமைதியான பட்டணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் வளாகக் குற்றக் கணக்கை வெளியிட வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதன் பெயர் கிளீரி சட்டம். ஜீன் கிளீரி என்ற 19 வயது மாணவி 1986 இல் விடுதி அறைக்குள் கொல்லப்பட்டாள். அவளுடைய பெற்றோர் விடாமல் போராடியதால் 1990 இல் அந்தச் சட்டம் வந்தது. அவள் படித்தது பெத்லகேம் என்ற பட்டணத்தில் உள்ள லீஹை பல்கலைக்கழகத்தில். அதே பென்சில்வேனியா மாநிலம்தான். பெரிய நகரங்கள் பயம் என்று பெற்றோர் பிள்ளைகளை அனுப்பக்கூடிய வகையான இடம். கொன்றவன் அதே பல்கலைக்கழக மாணவன். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளை யாரோ முட்டுக்கொடுத்துத் திறந்தபடி விட்டிருந்தார்கள். சிறு பட்டணம் கூடாது என்று சொல்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை. ஊரின் பெயரைக் கேட்டுக் கதவைக் கவனிக்காமல் விடுகிறோம், அதற்காகச் சொல்கிறேன்.

அந்தச் சட்டம் உங்களுக்கு இப்போது பயன்படும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒக்டோபர் முதலாம் திகதிக்குள் முந்திய மூன்று வருடக் கணக்கை வெளியிட வேண்டும். அன்றாடக் குற்றப் பதிவேடும் யார் கேட்டாலும் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். பதிவேட்டை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஆண்டறிக்கையை விட அதில்தான் விஷயம் இருக்கும்: எந்தக் கட்டடம், எத்தனை மணி, என்ன களவு. ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். வளாகமும் அதை ஒட்டிய பொது வீதியும் பல்கலைக்கழகத்தின் வேறு கட்டடங்களும்தான் இந்தக் கணக்குக்குள் வரும். நான்கு தெரு தள்ளி வாடகை வீட்டில் நடந்தது அதில் வராது. அதற்கு நகரப் பொலிஸாரின் வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இனி வழியைப் பற்றி. டெம்பிளின் மருத்துவக் கல்லூரி 1901 இல் தொடங்கியது. கல்லூரியும் மருத்துவமனையும் வட புறோட் வீதியில், பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகத்துக்கு வடக்கே சற்றுத் தள்ளி இருக்கின்றன. புறோட் வீதிக்குக் கீழே சுரங்க ரயில் ஓடுகிறது, கல்லூரிக்கு அலகெனி என்ற நிலையத்தில் இறங்கலாம். மருத்துவ மாணவர்களில் பலர் அந்தச் சுற்றாடலில் குடியிருப்பதில்லை. நகர மையத்திலோ வேறு பகுதிகளிலோ தங்கி, ரயிலிலும் காரிலும் வந்து போவார்கள். ஆகவே "அந்த இடத்தில் நான்கு வருடம் எப்படி இருப்பாள்" என்று நீங்கள் கேட்பது கேள்வியையே கொஞ்சம் மாற்றிவிடுகிறது. அறை ஓரிடம், வகுப்பு ஓரிடம், இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி. விசாரிக்க வேண்டியது அந்த வழியை.

முதல் இரண்டு வருடமும் பெரும்பாலும் பகல் வேலை. நூலகத்தில் இருந்து பிந்தி வருவதுதான் சிக்கல். மூன்றாம் வருடம் வாட்டுக்குப் போகத் தொடங்கினால் நேரம் தலைகீழாகிவிடும். சத்திரசிகிச்சைப் பிரிவில் என்றால் விடிய நாலரைக்கு எழும்பி ஐந்தே காலுக்கு நோயாளியின் கட்டிலடியில் நிற்க வேண்டும். மாரியில் அந்த நேரம் கும்மிருட்டு, ரயில் நிலையத்தில் நாலு பேர்கூட இருக்க மாட்டார்கள். பகல் பதினொரு மணிக்குக் கல்லூரியார் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டுகிற இடம் வேறு, விடியப்புறம் ஐந்து மணிக்குத் தனியாகப் போகிற இடம் வேறு. அதனால் பிள்ளையும் தகப்பனும் ஒரு நாள் இரவு அங்கே தங்கி, அந்த நேரத்தில் அந்த வழியால் போய்ப் பார்க்கட்டும். இடம் கிடைத்த மாணவர்கள் இன்னொரு முறை வந்து பார்ப்பதற்கென்றே பல கல்லூரிகள் ஒரு நாள் வைக்கின்றன. அதற்குப் போகிற அன்றே இதையும் செய்யலாம்.

கேட்க வேண்டியது நிர்வாகத்திடம் இல்லை. மூன்றாம், நான்காம் வருடத்துப் பெண் மாணவிகளிடம் கேட்க வேண்டும். "பாதுகாப்பா?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். போன கிழமை இரவு ஷிப்ட் முடிந்து எப்படி வீட்டுக்குப் போனாய், வளாக வண்டியைக் கூப்பிட்டால் எத்தனை நிமிடத்தில் வந்தது, அது உன் அறை வாசல் வரை வருமா, இல்லை ரயில் நிலையத்தோடு நின்றுவிடுமா, இரண்டு மணிக்குப் பிறகும் ஓடுமா, வாகனத் தரிப்பிடத்தில் உனக்குத் தரும் இடம் எத்தனையாவது மாடி, அங்கே விளக்கு எரிகிறதா. இப்படிக் கேட்டால் மறுமொழி தானாக வரும். வளாக வண்டிக்காக நாற்பது நிமிடம் நின்றுவிட்டுக் கடைசியில் நடந்தே போனேன் என்று மூன்று பேர் சொன்னால், விளம்பரத்தில் போட்டிருக்கும் பாதுகாப்பு ஏற்பாடு எவ்வளவு என்பது விளங்கிவிடும்.

காவலாளிகளோடும் துப்புரவுத் தொழிலாளரோடும் கதைக்கச் சொல்லுங்கள். நான் வேலை செய்த மருத்துவமனையில் வாகனத் தரிப்பிட வாசலில் ஒரு வயதான கறுப்பின மனிதர் இரவுக் காவலுக்கு இருப்பார். அந்தத் தெருவிலேயே பிறந்தவர். குளிருக்குக் காது மூடிய தொப்பி, கையில் மூடி போட்ட கோப்பிக் குவளை. நான் சேர்ந்த முதல் கிழமை என்னைக் கூப்பிட்டு, காதில் மாட்டியிருந்த வயரைக் கழற்றச் சொன்னார். "காரடிக்கு வந்த பிறகு திறப்பைத் தேடாதே, வாட்டில் இருந்து வரும்போதே கையில் எடுத்துக்கொண்டு வா" என்றார். மேற்குப் பக்கப் படிக்கட்டில் இரவில் இறங்க வேண்டாம், மின்தூக்கியில் வா என்றார். அந்த நகரத்தில் எனக்குக் கிடைத்த பாதுகாப்புப் பயிற்சி அவ்வளவுதான், அது போதுமாக இருந்தது. அவருடைய மகள் எங்கே படிக்கிறாள் என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். ஐந்து வருடத்துக்கு முன் அந்தப் படிக்கட்டுப் பக்கத் தெருவில்தான் மருமகன் சுடப்பட்டான் என்று சொல்லிவிட்டு, மகளின் படத்தைக் காட்டினார்.

இதிலிருந்துதான் நான் சொன்ன இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த இடங்களில் ஏன் மருத்துவமனை இருக்கிறது என்று பிள்ளை யோசித்துப் பார்க்க வேண்டும். ஆபத்தான இடம் என்று தெரிந்து யாரும் அங்கே கொண்டுபோய்க் கட்டவில்லை. கட்டிய காலத்தில் அவை தொழிற்சாலைகளும் வேலையாட்களும் நிறைந்த பகுதிகள். 1930களில் அரசாங்க நிறுவனம் ஒன்று நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு நிறத்தில் குறித்தது. சிவப்புக்குள் வீடு வாங்கக் கடன் கிடைப்பது அரிது. தொழிற்சாலைகள் மூடுபட்டன. வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள். போக முடியாதவர்கள் இருந்தார்கள், மருத்துவமனையும் இருந்தது. பால்டிமோரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனை 1889 இல் திறக்கப்பட்டபோதே ஏழை நோயாளரை நிறம் பார்க்காமல் ஏற்க வேண்டும் என்பது அதை நிறுவியவர் எழுதி வைத்த விருப்பம். அதே மருத்துவமனையில்தான் 1951 இல் ஹென்ரியேற்றா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்க் கலங்கள் அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்டன. உலக ஆய்வுகூடங்கள் எல்லாம் அவற்றை வளர்த்தன, குடும்பத்துக்கு இருபது வருடத்துக்கும் மேல் விஷயமே தெரியாது. நியூ ஜேர்சி மாநிலத்து நியூஆர்க்கில் மருத்துவக் கல்லூரி கட்டுவதற்காக 150 ஏக்கர் குடியிருப்பு நிலத்தை எடுக்கப் போகிறார்கள் என்ற கோபம் 1967 கலவரத்துக்கு ஒரு காரணம். அடுத்த வருடம் ஊர்ச்சனங்கள் பேச்சுவார்த்தை மேசையில் இருந்து அதை 60 ஏக்கருக்கும் கீழே கொண்டுவந்தார்கள்.

ஆகவே அங்கே போகிற மாணவி வெறுமையான ஒரு இடத்துக்குப் போகவில்லை. அந்தச் சனங்களுக்கு மருத்துவமனையோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. "உங்கள் பிள்ளைகள் எங்கள் உடம்பில் படித்துவிட்டுப் போய்விடுவார்கள்" என்று ஒரு தாய் என்னிடம் நேரே சொல்லியிருக்கிறா. அவ சொன்னது சரி. அதை எண்ணிக்கொண்டுதான் அடுத்த ஊசியைப் போட்டேன்.

நம் வீடுகளில் சொல்லத் தயங்குகிற ஒன்றையும் சொல்ல வேண்டும். கறுப்பர் இருக்கிற பகுதி என்றால் அதுவே ஆபத்து என்பது போலத்தான் எங்கள் ஆட்கள் கதைக்கிறோம். அவர்களைக் குறிக்க நாங்கள் வழங்குகிற சொல்லை நான் இங்கே எழுத விரும்பவில்லை. 1990களில் கொழும்பில் அறை தேடி அலைந்தவர்களுக்கு இது விளங்கும். அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரியைக் கண்டவுடன் வீட்டுக்காரரின் முகம் மாறும். பொலிஸ் பதிவு கேட்பார்கள், அறை இல்லை என்பார்கள். அந்த வீட்டுக்காரருக்கும் நாங்கள் ஒரு செய்திதான். கெட்ட மனிதர் என்றில்லை, பயம். அந்தப் பயம் எங்கள் முதுகில் எப்படி இருந்தது என்று தெரிந்தவர்கள், இன்னொருவர் முதுகில் அதை ஏற்றக் கூடாது. சாமுவேல் கிறீன் என்ற வைத்தியர் 1847 இல் அமெரிக்காவின் மசச்சூசெற்சில் இருந்து கப்பலேறி இங்கே வந்தார். அடுத்த வருடமே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார், பிறகு மானிப்பாயில் தமிழிலேயே படிப்பித்தார். வாந்திபேதி ஊரைத் தின்ற காலம். அவரைக் கப்பலேற்றிய வீட்டாருக்கு யாழ்ப்பாணம் என்ற பெயர் எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

படிப்பைப் பற்றிச் சொன்னால், அங்கே கிடைப்பது பெரிது. டெம்பிள் மருத்துவமனை மிக அதிகமான துப்பாக்கிக் காயங்களைப் பார்க்கும் மருத்துவமனைகளில் ஒன்று. பிலடெல்பியாவில் ஒரு வழக்கம் உண்டு. சூடுபட்டவரை அம்புலன்சுக்குக் காத்திராமல் பொலிஸாரே தங்கள் காரின் பின் ஆசனத்தில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். இதைக் கேட்டால் எங்களுக்குப் புதுமையாக இராது. கதவைக் கழற்றி அதில் வைத்தும், மாட்டு வண்டிலிலும், பழைய கேம்பிரிட்ஜ் காரிலும் காயக்காரரைக் கொண்டுவந்த ஊர் இது. அமெரிக்க விமானப்படை போருக்கு அனுப்பும் மருத்துவ அணிகளைப் பால்டிமோரின் காயச் சிகிச்சை மையத்தில் பயிற்றுவிக்கிறது என்றால், அந்த நகரங்களில் என்ன வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் காயத்தைப் பார்க்கும் ஆசையில் மட்டும் ஒரு பிள்ளை போவதாக இருந்தால் நான் யோசிப்பேன். வாட்டை நிரப்புவது துப்பாக்கிச் சூடு அல்ல. சீனி வருத்தம், பிறசர், தொய்வு (ஆஸ்துமா), சிறுநீரகம், பேறுகாலம். மருந்து வாங்கக் காசில்லாமல் பாதி மாத்திரையை முறித்து விழுங்கும் கிழவர். குடியிருக்கும் வீட்டின் பூஞ்சணத்தால் மூன்று தரம் தொய்வு முற்றி வந்த குழந்தை. இதைப் பார்த்துக் கற்கிறவள் எந்த ஊரிலும் டொக்டராக இருக்கலாம்.

ஒரு இரவு மட்டும் சொல்கிறேன். பொலிஸ் காரில் வந்த பையன். வயது பதினெட்டுக்கு மேல் இராது. புதுச் சப்பாத்து, வெள்ளை. உடுப்பை வெட்டும்போது தாதி சப்பாத்தை மட்டும் வெட்டாமல் கவனமாகக் கழற்றி ஒரு பையில் போட்டு, பெயர் எழுதினா. பையன் தப்பவில்லை. அன்று என்னோடு நின்ற மூன்றாம் வருட மாணவியிடம் செய்யச் சொல்ல வேறு ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பையைத் தாயிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன். அவள் அந்தத் தாய்க்குப் பக்கத்தில் நாற்பது நிமிடம் ஒன்றும் பேசாமல் இருந்தாள். அந்த மாணவி பிறகு அதே சுற்றாடலில் குழந்தை மருத்துவராகப் போனாள்.

எங்கள் காலத்தைப் பற்றி நீங்கள் கேட்டதால் ஒன்று. 1987 ஒக்டோபர் 21 அன்று யாழ் போதனா வைத்தியசாலைக்குள்ளேயே வைத்தியர்களும் தாதியரும் நோயாளரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1989 செப்டெம்பர் 21 அன்று எங்கள் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜனி திராணகம பீடத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். மருத்துவ பீடம் அதற்குப் பிறகும் நடந்தது, நாங்களும் படித்தோம். ஆனால் அதைக் காட்டி "நாங்கள் படிக்கவில்லையா, நீ ஏன் பயப்படுகிறாய்" என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். எங்களுக்குத் தெரிவு இருக்கவில்லை. அவளுக்கு இருக்கிறது. பயத்துக்குப் பழகிப்போவது ஒரு தகுதி அல்ல, எனக்கும் அதிலிருந்து மீளப் பல வருடம் எடுத்தது.

அதனால், வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடமும் உண்டு. பிள்ளைக்கு முன்பே தாக்குதல் ஏதும் நடந்து அந்த அதிர்ச்சி இன்னும் இருந்தால், இரவில் தனியே நடப்பதை நினைத்தாலே நெஞ்சு படபடத்தால், அமைதியான பட்டணமே நல்லது. அதில் ஒரு குறைவும் இல்லை. 2016 இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு ஆய்வு, பல நாடுகளின் கணக்குகளைச் சேர்த்து, மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ 27 சதவீதமானோருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருப்பதாகச் சொன்னது. நான்கில் ஒருவருக்கு மேல். எந்தத் தெருக் கள்வனையும் விட ஒரு மருத்துவ மாணவிக்கு நெருக்கமான ஆபத்து இதுதான். ஆகவே எந்தக் கல்லூரியில் அவளுக்குச் சாய்ந்துகொள்ள ஆள் இருக்கிறது, ஞாயிறு மதியம் சோறு கறி சாப்பிட எந்த வீட்டுக்குப் போவாள் என்பதையும் தராசில் வையுங்கள். பனியும் காடுமான இடத்தில் தனியே நான்கு வருடம் இருப்பது எல்லாருக்கும் ஒத்துவராது. காசும் பாருங்கள். பாதுகாப்பான பகுதியில் அறை, கார், தரிப்பிடம், காப்புறுதி எல்லாம் சேர்த்தால் வருடச் செலவு எவ்வளவு கூடும் என்று எழுதிக் கணக்குப் போட வேண்டும். பெயரைப் பொறுத்தவரை இரண்டுமே அங்கீகாரம் பெற்றவை என்றால் அதைப் பற்றி அதிகம் மண்டையை உடைக்க வேண்டியதில்லை.

நாள் அதிகம் இல்லை. வழக்கமாக ஏப்ரல் 30 அளவில் ஒரு இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். அதற்கு முன் அண்ணாவை ஒரு நாள் லீவு எடுக்கச் சொல்லுங்கள். இரவு தங்கட்டும். விடியப்புறம் அலகெனி நிலையத்தில் இறங்கி, மகளோடு மருத்துவமனை வாசல் வரை நடக்கட்டும். வாசலில் இருக்கிற காவலாளிக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்துக் கதைக்கட்டும். திரும்பி வரும்போது காருக்குள் மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: இந்தத் தெருவில் இருக்கிற ஒரு அம்மா உன்னிடம் மருந்துக்கு வந்தால், அவ பக்கத்தில் போய் இருப்பாயா?

அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். அவவுக்கு என்னோடு நேரே கதைக்க விருப்பம் என்றால், எந்தப் பின்னேரம் என்று சொல்லுங்கள். இணுவில் எனக்குச் சைக்கிள் தூரம்தான்.